ரோக்மோர்: ஒரு கட்டுக் குச்சி கற்பித்த பாடம்

தோட்டத்தில் ஒரு செடி காய்ந்து நின்றால் அதைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது விவசாயிகளின் வழக்கம். வேரில் பூச்சி இருந்தால் பூச்சி என்பார்கள். அழுகல் இருந்தால் நோய் என்பார்கள். இரண்டும் இல்லையென்றால் மண்ணின் மீதோ மழையின் மீதோ பழி விழும். தெற்குப் பிரான்சில் ரோக்மோர் என்ற சிற்றூரைச் சுற்றியிருந்த திராட்சை விவசாயிகளும் 1863 ஆம் ஆண்டு முதல் இதையேதான் செய்தார்கள். காய்ந்த கொடிகளைப் பிடுங்கினார்கள். வேரில் ஒன்றும் தென்படவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துக் காரணம் தெரிய வந்தபோது, தோட்டம் தோட்டமாகத் திராட்சை அழிந்து போயிருந்தது.

உலகத் திராட்சை விவசாயத்தையே மாற்றிய அந்தப் பூச்சி, பிரான்சு நாட்டில் முதன்முதலாகக் கால் ஊன்றிய இடம் ரோக்மோர் வட்டாரம் எனப்படுகிறது. இன்று செடிகளையும் விதைகளையும் நாடு விட்டு நாடு கொண்டு செல்வதற்குள்ள கட்டுப்பாடுகளுக்கு இவ்வூரின் கதையும் ஒரு காரணம். ஆகவே இவ்வூரின் இருப்பிடத்தையும் வரலாற்றையும் விவசாயிகள் அறிந்து கொள்வது பயனுள்ளது.

ஊரும் நிலமும்

ரோன் ஆறு சுவிட்சர்லாந்து நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் தோன்றி, சுமார் 810 கிலோமீட்டர் ஓடி, தெற்கே மத்தியதரைக் கடலில் கலக்கிறது. இதன் கீழ்ப்பகுதியில் அவிஞோன் என்ற புகழ்பெற்ற நகரம் உள்ளது. அதற்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், ஆற்றின் வலது கரையில், கார் மாவட்டத்தில் அமைந்திருப்பது ரோக்மோர். மக்கள் தொகை ஐயாயிரத்துக்குச் சற்று அதிகம். கருநிறப் பாறை என்ற பொருளில் இவ்வூருக்குப் பெயர் வந்தது என்பர். ஆற்றோரப் பாறையின் மேல் ஒரு பழைய கோட்டையின் இடிந்த கோபுரம் இன்றும் நிற்கிறது.

இங்குள்ள நிலம் ஒரே தன்மை உடையதன்று. ஆற்றை ஒட்டி வண்டல் நிலம். அதற்கு மேலே உள்ள மேட்டு நிலங்களில், பழங்காலத்தில் ஆறு உருட்டிக் கொண்டு வந்து சேர்த்த கூழாங்கற்கள் தரை தெரியாமல் கிடக்கின்றன. அதையும் தாண்டிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள். இடையிடையே மணற்பாங்கான நிலங்கள். நெல்லோ கோதுமையோ செழிக்காத இந்தக் கல் மேடுகளில்தான் திராட்சை நன்கு விளைகிறது. கற்கள் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வெப்பத்தை வெளியிடுகின்றன. மண்ணின் ஈரம் விரைவில் காய்ந்து போகாமலும் காக்கின்றன.

கோடையில் மழை மிகக் குறைவு. இலையுதிர் காலத்தில் பெருமழை பெய்யும். வடக்கிலிருந்து ரோன் பள்ளத்தாக்கின் வழியே 'மிஸ்திரால்' என்னும் குளிர் காற்று வீசும். சில நாட்களில் இதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். இக்காற்று கிளைகளை ஒடித்தாலும் ஒரு நன்மையும் செய்கிறது. மழைக்குப் பின் இலைகளின் ஈரத்தை விரைவில் உலர்த்திப் பூசண நோய்களைக் குறைக்கிறது. காற்றுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டி, கிரெனாஷ் போன்ற இரகங்களைப் பந்தலில் ஏற்றாமல், தரையை ஒட்டிக் குட்டையான புதர் போலக் கவாத்து செய்வது இப்பகுதியின் பழைய முறை.

துறைமுகமாக இருந்த ஊர்

கிறிஸ்து பிறப்பதற்கு 218 ஆண்டுகளுக்கு முன், கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹனிபால் உரோமின் மீது படையெடுத்துச் செல்லும் வழியில் ரோன் ஆற்றைக் கடந்தான். மிதவைகளின் மேல் மண்ணைப் பரப்பி, தரை என்று நம்ப வைத்து யானைகளை அக்கரை சேர்த்ததாக வரலாறு கூறுகிறது. அவன் ஆற்றைக் கடந்த இடம் எது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவர்கள் குறிப்பிடும் இடங்களில் ரோக்மோரும் ஒன்று.

இடைக்காலத்தில் ரோன் ஆறு ஒரு நாட்டு எல்லையாக விளங்கியது. வலது கரை பிரெஞ்சு மன்னருக்கு உரியது. எதிர்க்கரை வேறு ஆட்சியில் இருந்தது. அதில் ஒரு பகுதி பின்னர் நெடுங்காலம் போப்பாண்டவரின் ஆளுகையில் இருந்தது. ஆகவே ரோக்மோர் கோட்டை எல்லைக் காவலாகவும், படகுகள் நின்று செல்லும் துறையாகவும் பயன்பட்டது. அவிஞோனுக்கு இருப்பிடத்தை மாற்றிய போப்பாண்டவர் ஐந்தாம் கிளமென்ட், 1314 ஆம் ஆண்டு ஏப்ரல் 20 ஆம் நாள் காலமானது இவ்வூரில்தான்.

ஊருக்குச் செல்வம் சேர்த்தது திராட்சை மதுவாகிய ஒயின். சுற்று வட்டாரத்து ஒயின் பீப்பாய்கள் ரோக்மோர் துறையில் படகேறி வெளியூர்களுக்குச் சென்றன. பெயர் பெருகியதும் போலியும் பெருகியது. வேறு இடத்துச் சரக்கை இவ்வூர்ச் சரக்கு என்று விற்கத் தலைப்பட்டனர். இதைத் தடுக்க 1737 ஆம் ஆண்டு அரச ஆணை ஒன்று பிறந்தது. ரோக்மோரிலும் அதன் அண்டைக் கிராமங்களிலும் உண்டான ஒயினை ஏற்றிய பீப்பாய்களில் 'சி.டி.ஆர்.' என்ற மூன்று எழுத்துகளையும் ஆண்டையும் சூட்டுக்கோலால் பொறிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ரோன் கரை என்பதன் பிரெஞ்சுச் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. 'கோத் து ரோன்' என்ற பெயரில் இன்று உலகெங்கும் விற்கப்படும் ஒயினின் பெயருக்கு மூலம் இதுவே.

தன் சரக்கின் பெயரைக் காப்பதில் இவ்வளவு விழிப்பாக இருந்த ஊர், தன் நிலத்துக்குள் வரும் செடியைப் பற்றி எந்த ஐயமும் கொள்ளவில்லை. அக்காலத்தில் வேறு எந்த ஊரும் அப்படி ஐயம் கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வந்த கட்டு

1850 ஐ ஒட்டிய ஆண்டுகளில் சாம்பல் நோய் பிரெஞ்சுத் திராட்சையைக் கடுமையாகத் தாக்கியது. கந்தகத் தூள் தூவினால் நோய் கட்டுப்படும் என்று பிறகு தெரிந்தது. ஆனாலும், அமெரிக்கத் திராட்சை வகைகள் இந்நோயைத் தாங்குகின்றன என்று கேள்விப்பட்டுப் பலர் அங்கிருந்து கொடிகளை வரவழைத்தார்கள். பாய்மரக் கப்பல்களில் பல வாரங்கள் பயணம் செய்து வந்த காலத்தில், செடியோடு ஒட்டி வந்த பூச்சிகள் வழியிலேயே மடிந்து விடும். நீராவிக் கப்பல் வந்த பின் பயணக்காலம் மிகவும் சுருங்கியது. செடியும் உயிரோடு வந்தது. செடியில் இருந்த பூச்சியும் உயிரோடு வந்தது.

1862 ஆம் ஆண்டு ரோக்மோரைச் சேர்ந்த போர்த்தி என்ற ஒயின் வணிகருக்கு, நியூயார்க்கில் இருந்த நண்பர் ஒருவர் அமெரிக்கத் திராட்சைக் கொடிகள் சிலவற்றை அனுப்பினார். வணிகர் அவற்றைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டார். அவை நன்றாகவே வளர்ந்தன. அவர் செய்ததில் சூது எதுவும் இல்லை. புது இரகம் எப்படி விளைகிறது என்று பார்க்கும் ஆவலே காரணம். பிற்காலத்து வரலாற்று ஆசிரியர்கள் ரோன் பகுதியில் பரவிய பூச்சியின் தோற்றுவாயாக இந்தத் தோட்டத்தைச் சுட்டுகின்றனர். ஆனால் இந்த ஒரு கட்டினால்தான் பிரான்சு முழுவதும் அழிந்தது என்று சொல்வது பொருந்தாது. மேற்கே போர்டோ பகுதியிலும் அதே பத்தாண்டில் பூச்சி தனியாகத் தலை காட்டியது. அங்கும் அமெரிக்கக் கொடிகளே அதற்குக் காரணம்.

வாடிய தோட்டங்கள்

1863 ஆம் ஆண்டு ரோக்மோருக்கு அருகிலுள்ள புஜோ என்ற கிராமத்தில், காரணம் தெரியாமல் திராட்சைக் கொடிகள் வாடத் தொடங்கின. முதலில் தோட்டத்தின் நடுவே சில கொடிகளின் இலைகள் பருவத்துக்கு முன்பே மஞ்சளாகிச் சிவந்து உதிர்ந்தன. அடுத்த ஆண்டு அக்கொடிகளின் கிளைகள் குட்டையாகின; காய்கள் பழுக்கவில்லை. மூன்றாம் ஆண்டு கொடி பட்டுப்போயிற்று. தண்ணீரில் எண்ணெய்த் துளி பரவுவது போல், வாடிய திட்டு ஒவ்வோர் ஆண்டும் வட்டமாக விரிந்தது. பிறகு ரோன் ஆற்றின் இரு கரைகளிலும் இதே நிலை காணப்பட்டது.

காரணம் பலவாறாகச் சொல்லப்பட்டது. குளிர் என்றார்கள் சிலர்; வறட்சி என்றார்கள் சிலர். ஒரே பயிரை நெடுங்காலம் வைத்ததால் மண் சத்து இழந்தது என்ற கருத்தும் இருந்தது. கடவுளின் தண்டனை என்று நம்பியவர்களும் உண்டு. ரோக்மோர் நிலக்கிழார் ஒருவர் உரோமுக்குச் சென்று, புனித வாலண்டைனுடையவை எனக் கருதப்பட்ட எலும்புத் துண்டுகளைப் பெற்று வந்தார். 1868 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவை ஊர்த் தேவாலயத்தில் வைக்கப்பட்டன. திராட்சையைக் காக்க வேண்டும் என்பதே அன்றைய வேண்டுதல்.

இந்த நம்பிக்கையை எள்ளி நகையாடுவதற்கில்லை. அந்த ஆண்டுகளில் இப்பகுதி விவசாயிகளின் மேல் அடி மேல் அடி விழுந்தது. கார் மாவட்டத்தின் மலைப்பகுதியில் பட்டுப்புழுக்களுக்குக் கரும்புள்ளி நோய் கண்டு பட்டுத் தொழில் நலிந்தது. அதை ஆராயத்தான் 1865 ஆம் ஆண்டு லூயி பாஸ்டர் அம்மாவட்டத்து அலேஸ் நகருக்கு வந்தார். எதிர்க்கரையில் சாயத்துக்காகப் பயிரிடப்பட்ட மஞ்சிட்டி, 1868 ஆம் ஆண்டு அதே சாயத்தை இரசாயன முறையில் தயாரிக்க வழி கண்டபின் விலை போகவில்லை. பட்டும் சாயமும் போன பின் எஞ்சி இருந்தது திராட்சைதான். அதுவும் கண் முன்னே காய்ந்தது. பலர் நிலத்தை விட்டு அல்ஜீரியா நாட்டுக்குக் குடியேறினர்.

பச்சைக் கொடியின் அடியில்

மோன்பெலியே நகரத்தைச் சேர்ந்த விவசாயச் சங்கம் இதை ஆராய மூவர் குழுவை அமர்த்தியது. தாவரவியல் பேராசிரியர் பிளான்ஷோன், சங்கத் தலைவர் பசீல், தோட்டக்கலை வல்லுநர் சாயு ஆகியோர் அம்மூவர். 1868 ஆம் ஆண்டு ஜூலை 15 ஆம் நாள் அவிஞோனுக்குத் தெற்கே சென் ரெமி என்ற ஊரில் ஒரு தோட்டத்தைப் பார்வையிட்டார்கள். காய்ந்த கொடிகளின் வேரில் ஒன்றும் இல்லை. பின்பு, இன்னும் பச்சையாக இருந்த கொடி ஒன்றின் அடியைத் தோண்டி வேரை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தார்கள். மஞ்சள் நிறத்தில், ஊசி முனை அளவே உள்ள அசுவினி இனப் பூச்சிகள் வேர் முழுவதும் ஒட்டிச் சாறு உறிஞ்சிக் கொண்டிருந்தன.

ஐந்து ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாததன் காரணம் அப்போது விளங்கியது. கொடி செத்ததும் அதன் வேரில் சாறு இராது. சாறு இல்லாத இடத்தில் பூச்சிக்கு வேலை இல்லை. அது முன்பே மண் வெடிப்புகளின் வழியே ஊர்ந்து அடுத்த நல்ல கொடிக்குப் போய் விடுகிறது. விவசாயி பிடுங்கிப் பார்த்ததோ செத்த கொடியை. குற்றவாளி குடியிருந்ததோ பக்கத்துப் பச்சைக் கொடியில்.

இப்பூச்சிக்கு ஃபைலாக்சிரா என்று பெயர். முழு வளர்ச்சி அடைந்த பூச்சியும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். வேரில் வாழும் பூச்சிகள் ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். ஒரு பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடக் கூடியது. ஒரே பருவத்தில் பல தலைமுறைகள் தோன்றும். பூச்சி கடித்த இடத்தில் வேர் வீங்கி முடிச்சுப் போடும். பெரிய வேர்களில் அந்த வீக்கம் வெடித்து அழுகும். இவ்வாறு வேர் போனபின் கொடி நீரும் உணவும் பெற முடியாமல் பட்டுப் போகிறது. கோடை முடிவில் சிறகு முளைத்த பூச்சிகள் தோன்றிக் காற்றோடு செல்கின்றன. மண்வெட்டி, காலணி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றில் ஒட்டிய மண்ணும் பூச்சியைப் பரப்பும். எல்லாவற்றையும் விட வேகமாகப் பரப்புவது, வேரோடு கொண்டு செல்லும் கன்று.

அமெரிக்கக் கொடி தப்பியது எப்படி?

அமெரிக்காவில் இந்தப் பூச்சியும் காட்டுத் திராட்சையும் நெடுங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்து வந்தன. எனவே அங்குள்ள பல வகைகளின் வேர், பூச்சி கடித்த இடத்தைச் சுற்றித் தக்கை போன்ற திசுவை உண்டாக்கிப் புண்ணை மூடிக் கொள்கிறது. அழுகல் உள்ளே செல்வதில்லை. பூச்சி இருக்கும், கொடியும் இருக்கும். ஐரோப்பியத் திராட்சை இப்பூச்சியை முன்பின் கண்டதில்லை. அதன் வேருக்கு இந்தத் தற்காப்பு கிடையாது. போர்த்தியின் தோட்டத்து அமெரிக்கக் கொடிகள் செழித்து நிற்க, சுற்றிலும் இருந்த நாட்டுக் கொடிகள் மடிந்ததன் இரகசியம் இதுதான். வெளியூரிலிருந்து வரும் கன்று செழிப்பாக இருப்பதாலேயே அதில் பூச்சியோ நோயோ இல்லை என்று முடிவு செய்யக் கூடாது என்பது இதனால் தெளிவாகும்.

செய்து பார்த்த வைத்தியங்கள்

பிரெஞ்சு அரசு இப்பூச்சிக்கு மருந்து கண்டுபிடிப்பவருக்கு 20,000 பிராங்கு பரிசு அறிவித்தது. 1874 ஆம் ஆண்டு அது 3 இலட்சம் பிராங்காக உயர்த்தப்பட்டது. ஆயிரக்கணக்கான யோசனைகள் வந்து குவிந்தன. கொடியின் அடியில் உயிருள்ள தேரையைப் புதைக்கச் சொன்னவர்கள் கூட உண்டு. பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை.

ஓரளவு பயன் தந்த முறைகள் மூன்று. முதலாவது, கார்பன் டைசல்பைடு என்ற திரவத்தை ஊசி போன்ற இரும்புக் கருவியால் கொடியின் வேர்ப்பகுதி மண்ணில் செலுத்துவது. அதன் ஆவி பூச்சியைக் கொல்லும். ஆனால் அது எளிதில் தீப்பற்றக் கூடியது, மனிதருக்கும் நஞ்சு, அளவு மீறினால் கொடியே செத்து விடும். மேலும் ஆண்டு தோறும் செலவழித்துத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பெரும் பண்ணைகளால் இயன்றது. சிறு விவசாயிகளால் இயலவில்லை.

இரண்டாவது, தோட்டத்தில் தண்ணீர் தேக்குவது. கிராவ்சோன் என்ற ஊரில் ஃபோகோன் என்ற விவசாயி, குளிர்காலத்தில் கொடிகள் உறங்கும் பருவத்தில் 40 முதல் 50 நாட்கள் வரை தோட்டத்தை நீரில் மூழ்க வைத்துப் பூச்சியை அழித்துக் காட்டினார். சமவெளிக்கு இது பொருந்தும். கல் மேட்டுக்கும் குன்றுச் சரிவுக்கும் தண்ணீரை ஏற்றித் தேக்குவது எப்படி?

மூன்றாவது, மணலில் நடுவது. நுண்மணலில் இப்பூச்சியால் நகர்ந்து பெருக முடிவதில்லை. கார் மாவட்டத்தின் தென் கோடியில், கடலோரமாக உள்ள எக்மோர்த் பகுதி மணல் நிலங்களில் கொடிகள் சாகவில்லை. வீண் என்று கிடந்த அந்த மணலுக்கு அப்போது பெரும் மதிப்பு ஏற்பட்டது.

பிரான்சின் ஒயின் உற்பத்தி 1875 ஆம் ஆண்டில் சுமார் 840 கோடி லிட்டராக இருந்தது. 1889 ஆம் ஆண்டில் அது சுமார் 230 கோடி லிட்டராகக் குறைந்து விட்டது.

வேர் ஒன்று, கனி ஒன்று

விடை எதிரியின் ஊரிலேயே இருந்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியத் திராட்சையை ஒட்டுக்கட்டினால் என்ன என்ற யோசனையைப் பசீல் உள்ளிட்ட சிலர் முன்வைத்தார்கள். பிளான்ஷோன் 1873 ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, அங்கு பூச்சியியல் அறிஞர் ரைலியுடன் சேர்ந்து காட்டுத் திராட்சை வகைகளைப் பார்வையிட்டார். மோன்பெலியே விவசாயப் பள்ளியில் அவ்வகைகள் நட்டுச் சோதிக்கப்பட்டன.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. மருந்துதான் வழி என்போர் ஒரு கட்சி; அமெரிக்க வேர்தான் வழி என்போர் மறு கட்சி. நோயைக் கொண்டு வந்த செடியையே மருந்து என்பதா என்று கேட்டவர்களின் அச்சத்திலும் நியாயம் இருந்தது. அமெரிக்கப் பழங்களுக்குரிய ஒருவித வாடை ஒயினில் ஏறிவிடும் என்றும் அஞ்சினார்கள். ஆனால் ஒட்டுக்கட்டிய கொடியில் வேரும் அடித்தண்டும் மட்டுமே அமெரிக்க வகை. மேலே வளர்வதும் காய்ப்பதும் பழைய கிரெனாஷ்தான். மா ஒட்டுக்கன்றில் அடியில் எந்த மாங்கொட்டை முளைத்திருந்தாலும், மேலே கட்டிய இரகமே காய்ப்பதைப் போன்றது இது.

முறை எளிமையானது. குளிர்காலத்தில் அமெரிக்க வகையின் முதிர்ந்த குச்சியை வெட்டி, அதன் கண்களை நீக்கி விடுவார்கள். ஒரு கண் உள்ள ஐரோப்பியக் குச்சியை அதன் தலையில் நாக்கு வெட்டு முறையில் பொருத்துவார்கள். இரண்டின் பருமனும் ஒன்றாக இருப்பது முக்கியம். பொருத்திய குச்சிகளை ஈரமான மரத்தூளிலோ மணலிலோ இளஞ்சூட்டில் சில வாரம் வைத்தால் வெட்டு வாய்கள் கூடும். பிறகு ஒரு பருவம் நாற்றங்காலில் வளர்த்து, அடுத்த குளிர்காலத்தில் தோட்டத்தில் நடலாம். ஒட்டு மண்மட்டத்துக்கு மேலே இருக்கும்படி நடுவது இன்றியமையாதது. ஒட்டு புதைந்தால் மேல் குச்சியே தனக்கென வேர் விட்டுக் கொள்ளும். பூச்சி அந்த வேரைப் பிடித்துக் கொள்ளும். செய்த வேலை அனைத்தும் வீணாகும். இம்முறையைக் கற்பிக்க ஊர் ஊராக வகுப்புகள் நடந்தன. கூலித் தொழிலாளரும் சிறு விவசாயிகளும் சில நாட்களில் கற்றுத் தேறினர்.

இடர்ப்பாடுகளும் வந்தன. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் பல அமெரிக்க வேர்கள் இரும்புச் சத்தை எடுக்க முடியாமல், இலைகள் வெளிறி நலிந்தன. 1887 ஆம் ஆண்டு வியாலா என்ற பேராசிரியர் இதற்காகவே அமெரிக்கா அனுப்பப்பட்டார். டெக்சாஸ் மாநிலத்தில் மன்சன் என்ற திராட்சை ஆராய்ச்சியாளர், அங்குள்ள சுண்ணாம்பு நிலங்களில் இயற்கையாக வளரும் வகைகளை அவருக்குக் காட்டினார். அவற்றிலிருந்து உருவான கலப்பின வேர்கள் சுண்ணாம்பு நிலத்தையும் காப்பாற்றின. நிலத்துக்கு ஏற்ற வேர் எது என்று பார்த்து நடும் பழக்கம் அதன் பின்னரே வேரூன்றியது.

அமெரிக்கக் கொடிகளோடு இன்னொரு விருந்தாளியும் வந்தது. 1878 ஆம் ஆண்டு அடிச்சாம்பல் நோய் பிரான்சில் தென்பட்டது. அதைக் கட்டுப்படுத்த 1885 ஆம் ஆண்டு போர்டோ நகரத்துப் பேராசிரியர் மில்லார்டே மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையைப் பரிந்துரைத்தார். தமிழ்நாட்டு விவசாயிகள் இன்றும் கையாளும் போர்டோ கலவை அதுதான்.

மீண்டும் எழுந்த ஊர்

ஒட்டுக்கன்றால் தோட்டங்கள் மீண்டன. ஆனால் புதுக் கொடிகள் மிகுதியாகக் காய்த்ததாலும், சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த போலி ஒயின் சந்தையில் புகுந்ததாலும் விலை சரிந்தது. 1907 ஆம் ஆண்டு ஆர்ழெலியே என்ற கிராமத்தைச் சேர்ந்த மார்செலின் அல்பேர் என்ற சிறு விவசாயியின் தலைமையில் தெற்குப் பிரான்சில் இலட்சக்கணக்கானோர் திரண்டு போராடினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அதே ஆண்டு ஜூன் மாதம் போலிக்கு எதிரான சட்டம் பிறந்தது. ஒவ்வொரு விவசாயியும் தன் விளைச்சலின் அளவை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. இதற்கு முன்பே, 1901 ஆம் ஆண்டு மரோசான் என்ற ஊரில் சிறு விவசாயிகள் கூட்டுறவு முறையில் ஒயினைச் சேர்த்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த முறை தெற்கு முழுவதும் பரவியது.

1935 ஆம் ஆண்டு, விளையும் இடத்தின் பெயரைச் சட்டப்படி காக்கும் முறை பிரான்சில் ஏற்பட்டது. 1937 ஆம் ஆண்டு கோத் து ரோன் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. ரோக்மோரும் அதன் அண்டைக் கிராமங்கள் மூன்றும் சேர்ந்த லிராக் பகுதிக்கு 1947 ஆம் ஆண்டு தனிப் பெயருரிமை கிடைத்தது. 1737 ஆம் ஆண்டு பீப்பாயில் பொறித்த மூன்று எழுத்துகளின் நோக்கம் இவ்வாறு இருநூறு ஆண்டுகள் கழித்து நாட்டின் சட்டமாயிற்று.

புனித வாலண்டைனின் எலும்புகள் இன்றும் ஊர்த் தேவாலயத்தில் உள்ளன. பிப்ரவரி மாதம் அவர் பெயரில் விழா எடுக்கப்படுகிறது. திராட்சையைக் காக்கக் கொண்டு வந்தவர் இன்று காதலர் விழாவின் நாயகராக ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கிறார். ஃபைலாக்சிரா பூச்சியோ ஒழியவில்லை. அது இன்றும் பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது. அதை அடியோடு அழிக்கும் மருந்து கிடையாது. கொடிகள் ஒட்டு வேரில் நிற்பதால் பிழைத்து நிற்கின்றன. தவறான வேரைத் தேர்ந்தெடுத்தால் இன்றும் ஆபத்துத்தான். கலிபோர்னியாவில், பாதி ஐரோப்பிய இரத்தம் கலந்த ஒரு வேரை நம்பி நட்ட பெரும் பரப்பு, 1980 களில் இதே பூச்சிக்கு இரையாகி மறு நடவு செய்ய வேண்டி வந்தது.

எல்லையில் ஒரு காவல்

இந்தப் பேரழிவு ஒரு நன்மையும் செய்தது. 1878 ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஐரோப்பிய நாடுகள் கூடி, ஃபைலாக்சிரா பரவாமல் தடுக்க ஓர் உடன்படிக்கை செய்து கொண்டன. பயிர்ப் பாதுகாப்புக்காக நாடுகள் செய்து கொண்ட முதல் உடன்படிக்கைகளில் இது ஒன்று. அந்த வழியில்தான் 1951 ஆம் ஆண்டு உலகப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. நம் நாட்டில் 1914 ஆம் ஆண்டிலேயே அழிவு தரும் பூச்சிகள் மற்றும் நோய்கள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 2003 ஆம் ஆண்டு வெளியான ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் நலச் சான்றும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து செடி, விதை, குச்சி ஆகியவற்றைக் கொண்டு வரக் கூடாது. விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பது தொல்லை என்று தோன்றும்போது ரோக்மோர் வணிகரின் கட்டை நினைத்துக் கொள்ளலாம்.

விவசாயிகள் நினைவில் கொள்ள வேண்டியவை

1. தோட்டத்தில் செடிகள் திட்டாகக் காய்ந்தால், காய்ந்த செடியை மட்டும் பிடுங்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. திட்டின் ஓரத்தில் இலேசாக வாடத் தொடங்கிய செடியையும், அதற்கு அடுத்துப் பச்சையாக நிற்கும் செடியையும் தோண்டி, நுனி வேர் உட்படப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கு மாதிரி அனுப்பும்போதும் இவ்வாறே அனுப்ப வேண்டும்.

2. உறவினர் கொடுத்தது, நண்பர் அனுப்பியது என்பதற்காகக் குச்சியையோ கன்றையோ நேரே தோட்டத்தில் நடக் கூடாது. நம்பகமான நாற்றங்காலில் வாங்க வேண்டும். வாங்கியதையும் சில வாரம் தனியே வைத்துக் கவனித்த பிறகே நட வேண்டும்.

3. தாக்கப்பட்ட வயலில் உபயோகித்த மண்வெட்டி, கவாத்துக் கத்தி, கலப்பை ஆகியவற்றை மண் போகக் கழுவிய பின்னரே அடுத்த வயலுக்குக் கொண்டு போக வேண்டும்.

4. ஒட்டுக்கன்று நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே முளைக்கும் துளிர்களை அவ்வப்போது நீக்கி விட வேண்டும். அடி வேர் தம் நிலத்துக்கு ஏற்றதா என்று கேட்டு அறிந்த பிறகே கன்று வாங்க வேண்டும்.

5. முன்பின் கண்டிராத பூச்சியோ நோயோ தென்பட்டால் அண்டை அயலாரிடம் மறைக்காமல், உடனே வேளாண் அலுவலருக்கோ அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். புஜோ கிராமத்தில் முதல் கொடி வாடியதற்கும் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் இடையே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. அந்த ஐந்து ஆண்டுகளில் ஒரு தோட்டத்துப் பூச்சி ஒரு நாட்டுப் பூச்சியாகி விட்டது.